பெட்டியில் வரும் கப்போர்டும் மிஞ்சிய திருகாணியும்: ஓர் ஆய்வு

பாகம் பாகமாகப் பெட்டியில் வந்து, வீட்டில் பூட்டப்படும் மலிவுவிலைச் சமையலறைக் கப்போர்டுகள் குறித்துத் தமிழில் முறையான ஆய்வு இதுவரை நிகழவில்லை. எல்லா ஆய்வேடுகளும் இப்படித்தான் தொடங்கும் என்பதால் இதுவும் இப்படியே தொடங்குகிறது.

தோற்றம்: 1956இல் ஐகியாவின் கில்லிஸ் லுண்ட்கிரென் என்பவர் ஒரு மேசையைக் காருக்குள் ஏற்றுவதற்காக அதன் கால்களைக் கழற்றினார் என்பது அந்த நிறுவனம் சொல்லும் தலபுராணம். கழற்றியவர் அவர், மாட்டுகிறவர்கள் நாம்.

வகைப்பாடு: பலகையைக் கொண்டு கப்போர்டு மூவகைப்படும். பார்ட்டிகிள் போர்டு மலிவு. ஓரம் நனைந்தால் உப்பும். ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ அதே துளையில் மறுபடி பழைய பிடிப்புடன் நிற்காது. எம்டிஎஃப் வழவழப்பானது, பெயின்டுக்கு இணங்கும், தண்ணீருக்கு இணங்காது. பிளைவுட்: விலை.

ஆகவே கையில் காசு குறைந்தவர், சிங்க்குக்குக் கீழே வரும் ஒரு பெட்டியை மட்டும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளையில் செய்துகொண்டு, மற்றவற்றை லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டில் வாங்கலாம். வாங்குமுன் பலகையின் நான்கு ஓரங்களிலும் எட்ஜ் பேண்டிங் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பின் ஓரத்தில்தான் அதை மிச்சம் பிடிப்பார்கள். நனைவதும் அதுதான். பயனுள்ள செய்தி இத்துடன் முடிந்தது, இனி ஆய்வு.

இத்துறையின் மூலநூல் பெட்டிக்குள் இருக்கும் கையேடு. அதில் சொற்களே இல்லை, படங்கள் மட்டுமே. எனவே அதற்கு உரை எழுதத் தடையேதும் இல்லை. எல்லாம் பூட்டி முடித்தபின் தரையில் ஒரு திருகாணி மிஞ்சுகிறதே, அதன் பொருள் என்ன என்பதே உரைகாரர்களின் தலையாய சிக்கல்.

திருகாணி இடைச்செருகல், மூலத்தில் இல்லாதது என்பது ஒரு கொள்கை (மாமனார் உரை, ஞாயிறு, சாப்பாட்டுக்கு முன்). அது மூலத்தில் உண்டு, பூட்டியவர்தான் ஒரு படத்தைத் தாண்டிவிட்டார் என்பது மறுப்பு (மேற்படி மாமனார், திருத்திய இரண்டாம் பதிப்பு, சாப்பாட்டுக்குப் பின், முதற்பதிப்பைத் தாம் வெளியிடவே இல்லை என்ற முன்னுரையுடன்). அது வேறொரு கப்போர்டுக்கு உரியது, அந்தக் கப்போர்டு நமக்குக் கிடைக்காமல் கடல்கோளில் அழிந்திருக்க வேண்டும் என்பது மூன்றாம் கொள்கை (எதிர்வீட்டுக்காரர், வாய்மொழித் தரவு, லிஃப்ட், மூன்றாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் இடையே, முதல் மாடியில் ஒரு பெண்மணி காய்கறிப் பையுடன் ஏறியதால் தரவு முற்றுப்பெறவில்லை, அந்தப் பெண்மணியின் எதிருரை தனியே ஆராயத்தக்கது).

இவர்களில் ஒருவரும் கப்போர்டைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வலது கதவின் கீழ்க்கீலில் ஒரு துளை காலியாக இருப்பது தெரிந்திருக்கும். ஆனால் மூலத்தைப் பார்ப்பது உரைகாரரின் நடுநிலையைக் கெடுக்கும்; நெறியாளரின் நூலை அடிக்குறிப்பில் போதுமான தடவை ஏற்றிவிட்டால் பார்க்க வேண்டிய தேவையும் எழாது.

கார்பென்டர் மட்டும், "எக்ஸ்ட்ரா ஒண்ணு குடுப்பான் சார்" என்று சொல்லி, அந்தத் திருகாணியை ஜன்னல் கட்டையில் முறுக்கிக் கரித்துணியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். அரிய மூலச்சான்று ஒன்று இவ்வாறு சிதைக்கப்பட்டதைக் கண்டித்துப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று மொட்டைமாடியில் நடைபெறும். கட்டுரை வாசிக்காதவர்களுக்கும் சான்றிதழ் உண்டு. பதிவுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிடவும். போண்டா அதில் அடங்கும்.