லாபம், ரெண்டு, மூணு

கணினி அறிவியலில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எண்ணத் தெரியாது என்பது மாரண்டஹள்ளியில் நிரூபணமானது.

மாமாவுக்குத் தக்காளி வியாபாரம். லீவுக்கு வந்தவனைச் சும்மா விடுவானேன் என்று, லாரியில் ஏறும் கூடைகளைக் குறிக்க நோட்டும் பேனாவும் கொடுத்து நிறுத்தினார். ஏற்றுகிறவர் ஒவ்வொரு தோட்டத்துச் சரக்குக்கும் புதிதாக எண்ண ஆரம்பிப்பார்: "லாபம்... ரெண்டு... மூணு..." முதல் சொல் ஏதோ சாமி கும்பிடுவது போல என்று நினைத்து, "ரெண்டு" என்றதும்தான் முதல் கோடு போட்டேன். அன்று பதினோரு தோட்டத்துச் சரக்கு. ராத்திரி கணக்குப் பார்த்தால் பதினோரு கூடை குறைந்தது.

"மாப்ளே, லாபம்னா ஒண்ணுடா!" என்றார் மாமா. நெல் அளந்தாலும் தக்காளி ஏற்றினாலும் முதல் எண்ணை 'ஒன்று' என்று சொல்வதில்லை; அந்த இடம் லாபத்துக்கு ஒதுக்கியது. எண்ணுகிற நேரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் கிடையாது. ஏற்றுகிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொறியியல் மாணவனுக்குத்தான் தெரியவில்லை.

போன மானத்தை மீட்க, மாமாவின் கணக்கு முழுவதையும் ஜாவாவில் எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்தேன். இது இரண்டாவது தப்பு.

ஜாவா, 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட மொழி. ஜேம்ஸ் காஸ்லிங் உருவாக்கியது. அதில் 'கீவேர்டு' எனப்படும் சுமார் ஐம்பது சொற்கள் மொழியின் சொந்த உபயோகத்துக்கு என்று ஒதுக்கப்பட்டவை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான். துண்டு கிடக்கும் இடத்தில் நாம் உட்கார முடியாது. நம் பொருட்களுக்கு அந்தச் சொற்களைப் பெயராக வைக்கக் கூடாது. இதைப் பாடமாகப் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அதனாலேயே மறந்திருந்தேன்.

தக்காளியின் தரத்துக்கு 'கிளாஸ்' என்று பெயர் வைத்தேன். ஜாவாவில் எல்லாமே அந்தச் சொல்லில்தான் ஆரம்பம். இது வாக்கியமே இல்லை என்று கம்பைலர் திருப்பி அனுப்பியது. சரி என்று அடுத்ததற்குப் போனேன். திரும்பி வரும் காலிக் கூடைக்கு 'ரிட்டர்ன்', உடைந்த கூடைக்கு 'பிரேக்', எடை குறைந்ததற்கு 'ஷார்ட்', பொதிக்கு 'பேக்கேஜ்', புது வியாபாரிக்கு 'நியூ', கடைசித் தொகைக்கு 'ஃபைனல்'. ஏழு பெயர் வைத்தேன், ஏழிலும் துண்டு கிடந்தது. குருட்டாம்போக்கில் வைத்திருந்தால்கூட ஒன்றாவது தப்பியிருக்கும்.

சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஜாவாவுக்கு வேறு வேறு என்று அப்போது ஞாபகம் வந்தது. 'ரிட்டர்ன்' என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாக்கினேன், ஏற்றுக்கொண்டது. வெற்றி. மறுநாள் நானே எது பெரியது, எது சிறியது என்று குழம்பி அரை நாள் தவறு தேடினேன். 'கிளாஸ்' என்பதை முதல் எழுத்து மாற்றி வேண்டுமென்றே தப்பாக எழுதி, அது என் கண்டுபிடிப்பு என்று நண்பர்களிடம் பீற்றினேன். உலகம் முழுக்க ஜாவாக்காரர்கள் இதுபோன்ற திருட்டு எழுத்துக்கூட்டலில்தான் காலம் தள்ளுகிறார்கள் என்பது வேலைக்குப் போன பிறகு தெரிந்தது.

பழைய பாடப்புத்தகம் ஒன்றைப் பார்த்து, பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் பொருளுக்கு 'ஈனம்' என்று பெயர் வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் நான்கெழுத்து, நாங்கள் உச்சரிப்பது அப்படித்தான். 2004-இல் ஜாவா 5 வந்தது. அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டது. நேற்றுவரை ஏற்றுக்கொண்ட நிரலை இன்று கம்பைலர் ஏற்கவில்லை. ஈனப்பட்டது நான்தான். வம்பே வேண்டாம் என்று பின்னாளில் ஓரிடத்தில் வெறும் கீழ்க்கோட்டைப் பெயராக வைத்தேன். 2017-இல் ஜாவா 9 அதன் மேலும் துண்டைப் போட்டது.

இத்தனைக்கும், 'கோ டு' என்றொரு சொல்லை ஜாவா ஒதுக்கி வைத்திருக்கிறது, எதற்கும் பயன்படுத்துவதில்லை. துண்டு போட்டவர் வண்டி ஏறவே இல்லை, துண்டை மட்டும் எடுக்க விடமாட்டார்கள். சேலம் - பெங்களூரு பாசஞ்சரில் ஏறி ஒரு நேர்காணலுக்குப் போனபோது வழியெல்லாம் இந்தப் பட்டியலைத்தான் உருப்போட்டேன். "ட்ரூ, ஃபால்ஸ், நல் கீவேர்டுகளா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றேன், அடித்துச் சொல்லும் குரலில். அவற்றையும் பெயராக வைக்க முடியாதுதான். ஆனால் ஜாவாவின் இலக்கணப்படி அவை கீவேர்டுகள் அல்ல, மதிப்புகள். மாலை வண்டியிலேயே ஊர் திரும்பினேன்.

தமிழில் பெயர் வைத்தால் என்ன என்று ரொம்பக் காலம் கழித்துத்தான் தோன்றியது. ஜாவா ஆரம்பத்திலிருந்தே யூனிகோடு எழுத்துகளைப் பெயர்களில் அனுமதிக்கிறது. தரம், கூடை, எடைக்குறைவு, காலிக்கூடை என்று மாமா வாயில் வருவதை அப்படியே எழுதினேன். ஒன்றின் மேலும் துண்டு இல்லை. பெருமிதத்தோடு நோட்பேடில் பழைய முறையில் சேமித்தேன். திறந்து பார்த்தால் தக்காளிக் கணக்கு முழுவதும் கேள்விக்குறிகள். "என்னப்பா, எல்லாத்துக்கும் கேள்வியாவே கேட்டு வச்சிருக்க?" என்றார் மாமா.

தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியையும் விட்டுவைக்கவில்லை. நிபந்தனையை முன்னால் சொல்லிவிட்டு 'ஆனால்' என்று பின்னால் போடும் மொழி. நம் பேச்சின் வரிசை. இங்கே எனக்கு என்ன கஷ்டம் வரப்போகிறது என்று, லாரியின் கொள்ளளவுக்கு 'வரை' என்றும் கணக்கு முடிந்ததைக் குறிக்க 'முடி' என்றும் பெயர் வைத்தேன். இரண்டும் எழிலின் ஒதுக்கப்பட்ட சொற்கள்.

ஆக, ஆங்கிலத்தைக் குறை சொல்லவும் வழியில்லாமல் போனது. மண்டியானாலும் ஜாவாவானாலும் எழிலானாலும், நான் போவதற்கு முன்பே அங்கே சில சொற்களுக்கு வேலை கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். யார் யார் என்று கேட்டுவிட்டு உள்ளே போவது மரியாதை. நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கடைசியில் நிரல் ஓடியது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "முதல் கூடைக்கு இது என்ன சொல்லும்?"

"சைபர், மாமா. ஜாவாவில் வரிசை சைபரிலிருந்துதான் ஆரம்பிக்கும்."

"முதல் கூடையையே சைபர்னு எண்ணுறவன்கிட்ட யாவாரத்தைக் கொடுத்தா விளங்குமாடா?" என்று எழுந்து போய்விட்டார். இன்றுவரை அவர் கணக்கு நோட்டில்தான் இருக்கிறது.

நிரல் என்னிடம் இருக்கிறது. அவர் மனம் கோணக் கூடாது என்று அதில் ஒரு மாற்றம் செய்தேன். கூடைகளை எண்ணும் மாறியின் பெயர் இப்போது 'லாபம்'. அதன் தொடக்க மதிப்பு 0.