கியர் மாமா

கியர் மாமாவை நீங்கள் சாலையில் சந்திக்க முடியாது. அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான் தரிசனம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, சென்னையின் சைக்கிள் கூட்டமெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டைத் தாண்டிக்கொண்டிருக்கும். இவரோ பின்சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, ஒரு கையால் பெடலைச் சுற்றி, மறு கையால் கியரை மாற்றி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். பால் வாங்க வந்தவர் அகப்பட்டால் தொலைந்தார். “கேட்டீங்களா? செயின் ஏறும்போது ‘டிக்’ வரணும். ‘டிடிக்’ வருது பாருங்க!”

அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது மாமா கொண்டுவந்தது 1985இல் செய்த டூரிங் சைக்கிள் ஒன்று. ரெனால்ட்ஸ் 531 உருக்குக் குழாய். அந்த ஸ்டிக்கரில் பாதி உரிந்துவிட்டது. மீதியைத் துடைக்கக்கூட வேலைக்காரம்மாவுக்கு அனுமதி இல்லை. கியர் மாற்றும் இரண்டு நெம்புகோல்களும் முழங்கால் பக்கம், சாய்வுக் குழாயில் இருக்கும். அவற்றுக்கு ‘டிக்’ எல்லாம் கிடையாது. ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து, குனிந்து, குத்துமதிப்பாக இழுத்து, செயின் சத்தம் அடங்கும்வரை நகர்த்த வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவில் இதைச் செய்கிறவருக்கு ஆயுள் கெட்டி.

ஒவ்வொரு கியருக்கும் ஒரு ‘டிக்’ என்ற ஏற்பாட்டை ஷிமானோ 1984இல் கொண்டுவந்தது. 1990இல் கியரைப் பிரேக் நெம்புகோலுக்குள்ளேயே வைத்துவிட்டது. மாமா எதையும் தீர யோசிப்பவர். முப்பது வருஷத்துக்கும் மேல் யோசித்து, ‘மாற்றிவிடலாம்’ என்று முடிவெடுத்தார். தாமதத்தைப் பற்றி யாராவது சொன்னால் முகம் சிவந்துவிடும். “டூர் டி ஃபிரான்ஸ்காரனே 1937 வரைக்கும் கியர் மாத்துற டிரெய்லியரை அனுமதிக்கலை, தெரியுமா?” என்பார், தன் பாட்டனாரின் நிலத்தை யாரோ அபகரித்த தொனியில்.

எதை வாங்குவது என்பதில்தான் பெரும்பொழுது போயிற்று. பிரேக்கோடு சேர்ந்த வகை சொகுசுதான். ஆனால் உள்ளே கடிகாரம் மாதிரி நுணுக்கமான பாகங்கள். வழியில் பழுதானால்? மங்கோலியப் புல்வெளியில் நின்றுவிட்டால் யார் வருவார்கள்? திருவான்மியூரைத் தாண்டாத மனிதரின் கவலை இது. ஆகவே ஹேண்டில்பாரின் இரு நுனியிலும் செருகும் நெம்புகோல்களே உத்தமம் என்று தீர்ந்தது. ஒன்பது கியர் வகை.

அங்கே ஆரம்பித்தது வினை. எலிக்குப் பயந்து பூனை, பூனைக்குப் பாலூட்டப் பசு என்று போய், கோவணத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட சாமியார் கடைசியில் சம்சாரியான கதை. ஒன்பது ‘டிக்’குக்குப் பின்னால் ஒன்பது பல்சக்கரம் வேண்டும், இருப்பது ஆறு. ஒன்பதை மாட்டப் புது ஹப் வேண்டும். புது ஹப் 130 மில்லிமீட்டர், பழைய ஃபிரேமின் பின்காலிடைவெளியோ 126. ஹப் மாறினால் சக்கரமே மாறுகிறது. பல்சக்கரம் நெருக்கமானதால் செயினும் ஒல்லியாக வேண்டும். கேபிள் உறை அமுங்கினால் ‘டிக்’ பிசகும், அதுவும் புதிது. கேபிளை மாற்ற ஹேண்டில்பார் நாடாவைப் பிரித்தாயிற்று. பிரித்த நாடாவை மறுபடி சுற்றுவது மாமாவின் கௌரவத்துக்குக் குறைவு.

அந்த நாலு மில்லிமீட்டரை அகட்டத் தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனார். உருக்கு என்பதால் வளைக்கலாம். அலுமினியத்தில் இந்த விளையாட்டு கூடாது. நாற்பது வருஷம் ரிம் பெண்டு எடுத்த கை அந்தக் கடைக்காரருடையது. மாமா வெர்னியர் காலிபரை வெளியே எடுப்பதற்குள் ஃபிரேமை மடியில் வைத்து ஒரே இழுப்பு. அளந்தால் 130.

“அவ்ளோதான் சார். ஒண்ணு கேட்கலாமா? வண்டி நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?”

மாமா பதில் சொல்லவில்லை. கல்வியறிவு இல்லாத கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வதில்லை.

இத்தனை கியரும் கொல்லிமலை ஏறுவதற்கு. எழுபது கொண்டை ஊசி வளைவு. சென்ற ஆண்டு அந்த ஏற்றத்தை நேரில் ஆராய்ந்துவிட்டு வந்தார், காரில். அவர் குடியிருக்கும் ஊரிலோ கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. மேம்பாலங்கள்தான் மலை.

வேலை முடிந்த அன்று அக்கம்பக்கத்தார் முன்னிலையில் வெள்ளோட்டம். டிக், டிக், டிக். ஒன்பதும் சுத்தம். எல்லோரும் கைதட்டினோம். மறுவாரம் பார்த்தால் சத்தமே இல்லை. அந்த வகை நெம்புகோலில் ஒரு வளையம் உண்டு. திருப்பினால் ‘டிக்’ நின்று பழையபடி குத்துமதிப்பாக இழுக்கலாம். மாமா திருப்பிவிட்டார்.

“டிக் எல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. விரலுக்கு ஒரு ஞானம் இருக்கு, அதைக் கெடுத்துக்கக் கூடாது.”

மாமி காபியோடு வந்தார். “ஏங்க, இப்ப மொத்தம் எத்தனை கியரு?”

“முன்னாடி மூணு, பின்னாடி ஒன்பது. இருபத்தேழு. முன்னே பதினெட்டுதான்.”

“நீங்க எதுல ஓட்டுறீங்க?”

மாமா காபியை ஒரு வாய் குடித்தார். “நடுவுல இருக்கே, அதுல.”