அலசுவதற்கும் ஆப்

சான் ஹோசே,
கலிபோர்னியா.

அன்புள்ள சித்திக்கு,

ஆடித் தள்ளுபடியில் போனிலேயே ஓட்டுகிற மாதிரி ஒரு அடுப்பைச் சித்தப்பா பார்த்து வைத்திருக்கிறாராமே. பணம் கட்டுவதற்குள் இந்தக் கடிதம் வந்து சேரட்டும்.

நாங்கள் புதிதாகப் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கினோம். கம்பெனி பேர் வேண்டாம், விடுங்கள். சும்மா தண்ணீரில் ஒருதரம் அலசி எடுக்க அதில் பட்டனே இல்லை. அது ஆப்புக்குள் இருக்கிறதாம். ஆப்பைத் திறந்தால் ஈமெயில் கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது, வீடு எங்கே இருக்கிறது என்றும் கேட்டது. எச்சில் தட்டை அலச விலாசம் எதற்கு? எல்லாம் கொடுத்து முடித்தால் உங்கள் மருமகள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தே விட்டாள்.

இந்தப் பக்கத்துக்கு இது புதுசில்லை சித்தி. 2016இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜூசரோ என்று ஒரு ஜூஸ் மெஷின் வந்தது. விலை 699 டாலர். அதில் பழத்தைப் போட முடியாது; கம்பெனியே நறுக்கி அடைத்துச் சந்தாவுக்கு அனுப்பும் பையைத்தான் மாட்ட வேண்டும். பை ஒன்று 5 முதல் 8 டாலர். பையிலுள்ள குறியீட்டை வைஃபை வழியாகச் சரிபார்த்து, நாள் கடந்திருந்தால் பிழிய மாட்டேன் என்றுவிடும். 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் நிருபர்கள் பையைக் கையாலேயே பிழிந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு சாறு வந்தது! செப்டம்பரில் கம்பெனி மூடியாயிற்று.

அதோடு ஜனங்களுக்குப் புத்தி வந்ததோ இல்லையோ, கம்பெனிகளுக்கு வந்துவிட்டது: கையால் பிழிய முடிந்ததை விற்கக் கூடாது. இப்போது ஆப்புக்கே வாடகை. சாப்பாட்டைப் பையில் அடைத்து வெந்நீரில் வேகவைக்கும் கருவி விற்கிற அனோவா, 2024 ஆகஸ்டில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதம் 1.99 டாலர் என்று வைத்தது. இணையம் வழியே சமைத்தால் ஒவ்வொரு சமையலுக்கும் தங்களுக்குச் செலவாகிறதாம். மெஷினை ஒரு தடவைதான் விற்க முடியும். சர்வரோ மாதாமாதம் காசு கேட்கும். நியாயம்தான். ஆனால் வெந்நீரை இணையத்தில் கட்டிவிடச் சொல்லி நாம் யாரும் மனுப் போடவில்லையே!

ஆகவே, வைஃபை இருந்தால் அடுப்பு என்னென்ன செய்யும் என்று கடைக்காரர் அரைமணி நேரம் பேசட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும், "வைஃபை இல்லாவிட்டால் என்ன செய்யும்?" என்று மட்டும் கேளுங்கள். "பால் காயும், சோறு வேகும்" என்றால் பில் போடச் சொல்லுங்கள். அவர் மேனேஜரைக் கூப்பிட்டால், சித்தப்பாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்