மணிக்கு ஒரு சொல்

1921-இல் உளவியலாளர் கார்ல் யுங் மனிதர்களை அகமுகர், புறமுகர் எனப் பிரித்தார். அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் அதையே விரித்து, ஆளுக்கொரு நான்கெழுத்துக் குறியீடு தரும் 16 பெட்டிகளாக்கி, அந்த ஆளுமைச் சோதனைக்கு எம்.பி.டி.ஐ. என்று பெயரிட்டார்கள். இருவரும் முறைப்படி உளவியல் படித்தவர்கள் அல்லர். மகள் ஏற்கெனவே துப்பறியும் நாவல் எழுதியவர். நான்கு தடயத்தில் ஆளைப் பிடிக்கும் பழக்கம் லேசில் விடுமா?

இன்று தென்கொரியாவில் காதலிக்கும் முன்பே இந்த நான்கெழுத்துக் குறியீட்டைக் கேட்கும் இளைஞர்கள் ஏராளம். போனை எடுக்காதவன் இனி அலட்சியக்காரன் இல்லை, அகமுகன். நல்ல வசதி!

பாவம், இயற்பியலாளர் பால் டிராக் காலத்தில் இந்தச் சலுகை இல்லை. கேம்பிரிட்ஜ் நண்பர்கள் அவர் பெயரில் ஓர் அலகையே உருவாக்கினார்கள்: ஒரு டிராக் என்றால் மணிக்கு ஒரு சொல். ஒருமுறை அவர் உரை முடிந்ததும் ஒருவர் எழுந்து, கரும்பலகையில் உள்ள சமன்பாடு புரியவில்லை என்றாராம். டிராக் வாயே திறக்கவில்லை. பதில் சொல்லுங்களேன் என்று தூண்டியபோது, அது கேள்வியே அல்ல, வெறும் கூற்று என்றாராம்.

1933-இல் நோபல் பரிசு வந்தது. விளம்பரத்துக்குப் பயந்து மறுத்துவிடலாமா என்று யோசித்தார். மறுத்தால்தான் விளம்பரம் அதிகம் என்றார் சக இயற்பியலாளர் ரதர்ஃபோர்ட். பேசாமல் போய் வாங்கிக்கொண்டார்.