கைப்பிடி வைத்த குண்டு

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கத்துக் கடிதங்கள். அந்தப் பக்கம் எந்த ஜிம்மிலோ கெட்டில்பெல் வந்து இறங்கியிருக்க வேண்டும். கேள்வியெல்லாம் அதைச் சுற்றியே.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், அத்திப்பட்டு புதுநகர்
கெட்டில்பெல் என்கிறார்களே, அது டீ கெட்டிலா, கோயில் மணியா?

டீயும் வராது, மணியும் அடிக்காது. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, அவ்வளவுதான். ரஷ்யாக்காரர்கள் இதை ‘கிரியா’ என்பார்கள். அந்தக் காலத்தில் அங்கே தானியச் சந்தையில் இது எடைக்கல். அவர்களுடைய நிறுவை அளவு ‘பூட்’, நம் கணக்கில் 16.38 கிலோ. வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் ‘உன்னால் முடியுமா, என்னால் முடியுமா’ என்று தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கும் கடையில் கிடைக்கும் முக்கிய அளவுகள் 16, 24, 32 கிலோ. அதாவது ஒரு பூட், ஒன்றரை பூட், இரண்டு பூட். பழைய பேப்பர்காரர் தராசில் வைக்கும் கல்லுக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன்.

ஜிம் சந்தா கட்டி மாட்டிக்கொண்டவர், நந்தியம்பாக்கம்
டம்பெல் ஏற்கெனவே இருக்கிறது. இது வேறு எதற்கு?

பால் வாங்கப் போன பையன் தூக்குவாளியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வருவானே, பார்த்திருக்கிறீர்களா? வாளியின் கனம் கைக்குக் கீழே தொங்குவதால்தான் அந்தச் சுற்று வருகிறது. டம்பெல்லின் கனம் கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கலாம், இறக்கலாம். கெட்டில்பெல்லின் கனம் கைப்பிடியை விட்டு விலகித் தொங்குகிறது. அதனால் அதை ஆட்டலாம். ஆட்டினால் வேகம் வரும். அந்த வேகத்தைப் பிறப்பிக்கவும் பிடித்து நிறுத்தவும் தொடை, பிட்டம், வயிறு, முதுகு எல்லாம் ஒன்றாக வேலைக்கு வந்தாக வேண்டும். பலமும் மூச்சுத் தம்மும் ஒரே பத்து நிமிடத்தில் சோதனைக்கு வரும். டம்பெல்லை விற்க வேண்டாம், அதற்கும் வேலை இருக்கிறது.

சினிமா ரசிகர், மீஞ்சூர்
‘சிட்டிசன்’ படத்து ஊர் இந்த அத்திப்பட்டுதானா?

2001இல் வந்த அந்த அஜித் படத்து ஊர் அத்திப்பட்டி. அது வரைபடத்திலிருந்தே காணாமல் போன ஊர். நம் அத்திப்பட்டு எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவில் பத்திரமாக இருக்கிறது. அதுவும் ஒன்றுக்கு இரண்டு ரயில் நிலையத்தோடு.

சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி, அத்திப்பட்டு
ஒரு ஷிஃப்டில் எத்தனையோ மூட்டை என் தோளில் ஏறி இறங்குகிறது. எனக்கு எதற்கு சார் தனியாகப் பயிற்சி? இதெல்லாம் ஏசி ரூமில் இருப்பவர்களுக்குத்தானே?

இந்த வாரத்தின் நல்ல கேள்வி உங்களுடையதுதான். நியாயமான கோபமும்கூட.

ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. அதைத் தூக்கச் சொல்லி மேஸ்திரி விரட்டுவார். எப்படித் தூக்குவது என்று மூட்டையும் சொல்லாது, மேஸ்திரியும் சொல்ல மாட்டார். லாரி நிற்கிற கோணத்துக்கும் தோழர் கொடுக்கிற வேகத்துக்கும் ஏற்ப உடம்பு எப்படியோ வளைந்து சமாளிக்கிறது. ஒரே தோள், ஒரே பக்கத் திருப்பம், வருடக்கணக்கில். முப்பத்தைந்து வயதில் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நடப்பவர்களை உங்கள் ஷெட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குப் பலம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

டென்மார்க்கில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கழுத்து, முதுகு வலி சகஜமாக இருக்கிற வேலைகளைச் செய்யும் 40 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம், மொத்தம் எட்டு வாரம் கெட்டில்பெல். 2011இல் முடிவு வெளியானது. ஆட்டியவர்களுக்குக் கழுத்து, தோள், அடிமுதுகு வலி குறைந்தது, முதுகுத் தசையின் பலம் கூடியது. இதய-நுரையீரல் தகுதியில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். 40 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். இருந்தாலும் ஓட்டப்பந்தய வீரர்களை விட்டுவிட்டு வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்களே, அதற்காகவே எனக்கு அந்த ஆய்வைப் பிடிக்கும்.

உங்களுக்கு 12 கிலோ போதும். மூட்டை சுமப்பவனுக்கு 12 கிலோவா என்று சிரிக்காதீர்கள். நீங்கள் பழக வேண்டியது சுமையை அல்ல, இடுப்பை. வார விடுமுறை நாளில் ஒரு தடவை, நடுவில் ஒரு நாள் பத்து நிமிடம். இரட்டை ஷிஃப்ட் பார்த்த அன்று குண்டைத் தொடாதீர்கள். அன்றைக்குத் தூக்கம்தான் பயிற்சி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிராலி வாங்கித் தர வேண்டிய இடத்தில் ‘உடம்பைத் தேற்றிக்கொண்டு வா’ என்று யாராவது சொன்னால், அது உடற்பயிற்சி ஆலோசனை ஆகாது. செலவை உங்கள் முதுகில் ஏற்றுகிற வேலை.

மொபைலில் வீடியோ பார்த்துக் குழம்பியவர், அனுப்பம்பட்டு
ஸ்விங் என்பதை ஒருவர் ஒரு மாதிரி காட்டுகிறார். சரியான முறைதான் என்ன?

இரண்டு கையிலும் பை. வீட்டுக்குள் வந்தாயிற்று, கதவைச் சாத்த வேண்டும். என்ன செய்வீர்கள்? கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, பிட்டத்தால் பின்னுக்கு ஓர் இடி. அந்த ஒரு கணத்தில் முழங்கால் லேசாகத்தான் மடியும், முதுகு நேராக நிற்கும், மடிந்தது இடுப்பு மட்டும். ஸ்விங்கின் முக்கால் பங்கு அதுதான்.

கால்களைத் தோளைவிடச் சற்று அகலமாக வையுங்கள். குண்டு உங்களுக்கு ஓர் அடி முன்னால் இருக்கட்டும். கதவைச் சாத்துகிற மாதிரி பின்னுக்குப் போய், இரண்டு கையாலும் பிடித்து, தொடைகளுக்கு நடுவில் பின்பக்கம் இழுத்து விடுங்கள். முன்கை தொடையின் மேற்பகுதியில் வந்து உரசும். அங்கிருந்து சட்டென்று எழுந்து நில்லுங்கள், பிட்டத்தை இறுக்கி, ‘ஹுஸ்’ என்று மூச்சை விட்டு. குண்டு தானாக நெஞ்சு உயரத்துக்கு மிதந்து வரும். கை இங்கே வெறும் கயிறு. தோளால் தூக்கினீர்களோ, மறுநாள் தோளே புகார் கொடுக்கும்.

எல்லோரும் செய்கிற தப்பு, இதைத் தோப்புக்கரணமாக்குவது. உட்கார்ந்து எழுவது வேறு, இடுப்பை மடித்து நிமிர்வது வேறு. முதல் வாரம் குண்டே வேண்டாம். சுவருக்கு ஒரு சாண் முன்னால் முதுகைக் காட்டி நின்று, பிட்டத்தால் சுவரைத் தொட்டுத் தொட்டு நிமிருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சிக்கனவாதி, அத்திப்பட்டு
காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? கேஸ் சிலிண்டரையே ஆட்டினால் என்ன?

ஐயா, வேண்டாம். உள்ளே 14.2 கிலோ கேஸ், வெளியே ஏறக்குறைய அதே கனத்துக்கு இரும்பு. கைநழுவினால் அடுத்த வாரம் இந்தப் பகுதியைப் படிக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனை ஒரு கையில் பிடித்து, ஒரு பக்கம் சாயாமல் தெரு முனை வரை நடந்து, கை மாற்றித் திரும்பி வாருங்கள். செலவில்லாத நல்ல பயிற்சி. அதையும் ஆட்ட வேண்டாம், எதிர்வீட்டுக்காரர் குளித்திருக்கக்கூடும்.

வார்ப்படப் பட்டறை ஊழியர், கும்மிடிப்பூண்டி
நாங்களே ஒன்று ஊற்றிக்கொள்ளலாமா?

உங்களுக்கு இல்லாத உரிமையா? வார்ப்பிரும்பில் 16 கிலோவை ஒரே உருண்டையாக ஊற்றினால் குறுக்களவு 16 சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும், அதனால் மோல்டு பெரிய வேலையில்லை. வம்பு முழுக்கக் கைப்பிடியில்தான் இருக்கிறது. மோல்டின் இரண்டு பாதி சேர்கிற இடத்தில் ஒரு பிசிறு கோடு நிற்கும், தெரியுமல்லவா? வால்வுக்கோ மோட்டார் மூடிக்கோ அது பெரிய குற்றமில்லை. கெட்டில்பெல்லின் கைப்பிடி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளங்கைக்குள் சுழலும். அந்தக் கோடு காய்ப்பைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆகவே கைப்பிடியின் உட்பக்கத்தை நன்றாகக் கிரைண்ட் செய்யுங்கள். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டால் வியர்வையில் வழுக்கும், பெயின்டைத் தடிமனாகப் பூசினாலும் அப்படியே. கைப்பிடியின் கனம் 33 முதல் 35 மில்லிமீட்டர். அடிப்பாகம் தட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உருண்டு போய் உங்கள் சூப்பர்வைசர் காலில் நிற்கும். பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு ஊற்றுங்கள்.

ஓய்வுபெற்ற பயில்வான், திருவொற்றியூர்
நம் கர்லாக்கட்டை இருக்க ரஷ்யக் குண்டு எதற்கு?

பெரியவரே, வணக்கம். உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. வடசென்னையின் பழைய கூடங்களில் தண்டால், பஸ்கி, கர்லா என்று ஒரு வரிசையே இருந்தது. கர்லாவும் அதே சூட்சுமம்தான், கனம் கையை விட்டுத் தள்ளி இருக்கும். குண்டு இடுப்பை வேலை வாங்குகிறது. கட்டை முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்து தோளைத் திறந்து விடுகிறது. நாள் முழுக்கக் கிரேன் கேபினில் கூனி உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டில் ஒன்றைத்தான் தரலாம் என்றால் நான் கட்டையைத்தான் தருவேன்.

நம்மிடம் பார்த்துக் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரர்கள் அதற்கு ‘இந்தியன் கிளப்’ என்று பெயர் வைத்து 19ஆம் நூற்றாண்டில் கப்பலேற்றினார்கள். 1904 செயின்ட் லூயி, 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டியாகவே இருந்தது. 1932இல் தங்கம் வாங்கிய அமெரிக்கர் ஜார்ஜ் ராத் அப்போது வேலையில்லாமல் இருந்தவர். பதக்கத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வழியில் போன வண்டியை நிறுத்தி ஏறி வீட்டுக்குப் போனார் என்பார்கள். இவ்வளவும் நம் கட்டையை வைத்து. நம் ஊரிலோ அதைப் பரணில் போட்டுவிட்டுக் கறையானைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கல்யாணத்துக்குக் காத்திருப்பவர், பொன்னேரி
இளவட்டக்கல் தூக்கினால் பெண் கொடுத்தார்களாமே?

தென் மாவட்டங்களில் அப்படித்தான் சொல்வார்கள். இப்போதும் பொங்கலுக்கு நெல்லை மாவட்டம் வடலிவிளையில் போட்டி நடக்கிறது. பெண்களும் தூக்குகிறார்கள், ஆகவே ஜாக்கிரதை. அந்த வழுவழுப்பான உருண்டைக் கல்லில் பிடியே கிடையாது. கெட்டில்பெல்லில் கைப்பிடி இருப்பதே உங்களுக்குச் சலுகை.

மாமியாருடன் வசிப்பவர், அத்திப்பட்டு
நான் செய்யலாமா? உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள்.

உங்கள் அத்தையிடமே கேளுங்கள், இளவயதில் தினம் எத்தனை குடம் இடுப்பில் சுமந்தார் என்று. அவருக்கு மீசையா முளைத்தது? 8 கிலோவில் ஆரம்பியுங்கள். பிரசவமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. அத்தைக்கும் 4 கிலோ ஒன்று வாங்கிக் கொடுத்தால் எதிர்ப்பு குறையும்.

வெறும் வேடிக்கை பார்ப்பவர், எண்ணூர்
வேலூர் சதீஷ் சிவலிங்கம் இதில்தான் பதக்கம் வாங்கினாரா? இதற்கெனப் போட்டி உண்டா?

சதீஷ் தூக்கியது பார்பெல். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவு, ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ, தங்கம். 2018 கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். அங்கே ஒரு தூக்கு சில விநாடியில் முடிந்துவிடும். கெட்டில்பெல் போட்டி பத்து நிமிடம். கீழே வைத்தால் ஆட்டம் அவ்வளவுதான். போட்டிக் குண்டுகளுக்கு நிறம் உண்டு: 16 கிலோ மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு. கும்மிடிப்பூண்டி மின்வண்டியில் போகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவப்பைக் கண்டால் நின்றுவிடுங்கள்.

ஜன்னலைத் திறக்காதவர், அத்திப்பட்டு
மொட்டை மாடியில் ஆடலாமா? இங்கே காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியுமே.

தெரியும். காயப்போட்ட வேட்டியில் கரித்தூள் படிகிற நாளில் மாடி வேண்டாம். ஸ்விங்கில் மூச்சு பல மடங்கு ஏறும், தூசியும் அதே கணக்கில் உள்ளே போகும். கூடத்தில் பழைய பாயை விரித்து ஆடுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலுக்குத் தீர்வு ஜிம்மில் கிடையாது.

முதுகுவலிக்காரர், மீஞ்சூர்
இதனால் முதுகு சரியாகும் என்கிறான் நண்பன், போய்விடும் என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

இருவரும். கனடாவின் முதுகுத்தண்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் 16 கிலோ குண்டை வைத்து அளந்து 2012இல் எழுதினார். சாதாரணமாகக் குனிந்து தூக்கும்போது முதுகெலும்புகளை ஒரு பக்கம் சறுக்கத் தள்ளும் விசை, ஸ்விங்கில் எதிர்ப்பக்கம் தள்ளுகிறதாம். அதனால்தான் சிலருக்கு இதமாகவும், சிலருக்குக் கிளறிவிடுவதாகவும் இருக்கிறது. நீங்கள் எந்த ரகம் என்று டாக்டரிடம் தெரிந்துகொள்ளாமல் தொடாதீர்கள். குடலிறக்கம், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இதே பதில். அதுவரை மனைவி சொல்வதே சரி.

அவசரக்காரர், கவரைப்பேட்டை
சிக்ஸ் பேக் எத்தனை நாளில் வரும்?

நைட் ஷிஃப்ட் முடிந்து எந்தக் கடையில் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லையே.

முதல் மாதச் சம்பளக்காரர், அத்திப்பட்டு
ஒரே ஒரு குண்டு வாங்கக் காசு இருக்கிறது. எந்த எடை?

பழக்கமில்லாத ஆணுக்கு 12 அல்லது 16, பெண்ணுக்கு 8. கடையிலேயே கைப்பிடிக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பிசிறு இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அடியேன் இந்த யோசனை எதையும் கேட்காமல், பார்க்க ஆண்மையாக இருக்கிறதே என்று நேராக 24 கிலோவை வாங்கி வந்தவன். மூன்றாம் நாள் அது பால்கனி டைல்ஸை உடைத்தது, நான்காம் நாள் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். இப்போது கூடத்துக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து நிற்கிறது. வேண்டுமானால் வந்து எடுத்துப் போங்கள், காசு வேண்டாம். இடுப்பை மடித்துத் தூக்குகிறவருக்கு மட்டும்.