நம்பர் ஒன் லட்சணம்

எண்பதுகளின் ஆங்கிலப் பாப் பாட்டுகளைப் பற்றி யாராவது கண் கலங்கப் பேச ஆரம்பித்தால், 1981 பிப்ரவரி மாதத்து பிரிட்டிஷ் பட்டியலை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். இரண்டாம் இடத்தில் அல்ட்ராவாக்ஸ் குழுவின் 'வியன்னா'. சின்தசைசர், பியானோ, வயோலா, உலகத்துச் சோகம் அத்தனையும் அதில் உண்டு. முதலிடத்தில் ஜோ டோல்ச்சேயின் 'ஷடாப் யூ ஃபேஸ்'. ஒஹையோவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஒரு மனிதர், இத்தாலிய அம்மா தன் பிள்ளையை ஏசுவதை வேண்டுமென்றே உடைத்த ஆங்கிலத்தில் பாடிய பாட்டு. மூன்று வாரம் அது நகரவே இல்லை. 'வியன்னா' அதற்கு முந்தின வாரமும் இரண்டாம் இடம்தான். அப்போது வழிமறித்தது ஜான் லெனனின் 'உமன்'. இரண்டு மாதம் முன்பு சுட்டுக்கொல்லப்பட்ட லெனனிடம் தோற்றதில் ஒரு கௌரவமாவது உண்டு. டோல்ச்சேயிடம் தோற்றதை வீட்டில் எப்படிச் சொல்வது?

வெள்ளைக்காரன் இதை மறக்கவில்லை. 2012-ல் வாக்கெடுப்பு நடத்தி, இரண்டாம் இடத்தில் நின்றுபோன பாட்டுகளில் நாட்டுக்கு மிகப் பிடித்தது 'வியன்னா'தான் என்று தீர்மானித்து, கௌரவ முதலிடம் கொடுத்தார்கள். முப்பத்தொரு வருஷம் கழித்து! ரிட்டயரான பிறகு புரமோஷன் ஆர்டர் வந்த கதைதான்.

என் அபிப்பிராயம் கேட்டால் கல்லெறிவீர்கள். 'ஷடாப் யூ ஃபேஸ்' தன்னால் என்ன முடியும் என்று தெரிந்து வைத்திருந்த பாட்டு. 'வியன்னா'வுக்கு அது தெரியாது. ஓங்கி ஓங்கிப் பாடிவிட்டு, கடைசியில் தனக்கு எதுவுமே பொருட்டில்லை என்கிறது. பொருட்டில்லை என்றால் எதற்கு ஐயா இத்தனை கதறல்?

'வியன்னா'வைப் பாடிய மிட்ஜ் யூரே 1984-ல் பழி தீர்த்துக்கொண்டார். டோல்ச்சேயிடம் இல்லை, பாவம், ஜார்ஜ் மைக்கேலிடம். எத்தியோப்பியப் பஞ்சத்தை பிபிசியில் பார்த்துப் பதறிய பாப் கெல்டாஃப், யூரேயோடு சேர்ந்து 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்' எழுதினார். நவம்பர் 25 அன்று பிரிட்டனின் பாப் நட்சத்திரங்களைத் திரட்டி ஒரே நாளில் பாட வைத்தார்கள். பாட்டு முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதே கிறிஸ்துமஸுக்கு வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' வெளிவந்து இரண்டாம் இடத்தில் முட்டி நின்றது. அதை எழுதிப் பாடிய ஜார்ஜ் மைக்கேல் முதலிடத்துப் பாட்டிலும் ஒரு வரி பாடியிருந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டதும் போதாது என்று, 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' ராயல்டியையும் எத்தியோப்பியாவுக்கே எழுதி வைத்தார். அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது 2021 ஜனவரி 1 அன்று. 2016 கிறிஸ்துமஸ் அன்றே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வசூலான பணம் உயிர்களைக் காப்பாற்றியது, அதில் கிண்டலுக்கு இடமில்லை. பாட்டில் உண்டு. இது கிறிஸ்துமஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று உருகி உருகிக் கேட்கிறார்கள். எத்தியோப்பியாவின் மன்னர் எசானா கிறிஸ்தவரானது நாலாம் நூற்றாண்டில். இங்கிலாந்துக்காரர்களை மதம் மாற்ற அகஸ்டின் கான்டர்பரி வந்து சேர்ந்ததோ 597-ல். அதாவது இவர்கள் மரத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்கள். தேதி மட்டும் ஜனவரி 7. ஆப்பிரிக்காவில் ஆறு ஓடாது என்றும் பாடுகிறார்கள். நீல நைல் புறப்படுவதே எத்தியோப்பியாவின் டானா ஏரியிலிருந்துதான். ஒரு பள்ளிக்கூட அட்லஸ் வாங்கிக் கொடுத்திருந்தால் பாட்டில் பாதி மிஞ்சியிருக்காது.

அமெரிக்காக்காரர்களும் சளைக்கவில்லை. அடுத்த ஜனவரியில், அதே பஞ்சத்துக்காக அவர்கள் பாடிய 'வி ஆர் த வேர்ல்ட்' ஒலிப்பதிவின் நடுவே ஸ்டீவி வொண்டர், கொஞ்சம் சுவாஹிலி சேர்க்கலாம் என்றார். எத்தியோப்பியாவில் சுவாஹிலி பேசமாட்டார்கள் என்று யாரோ நல்லவேளையாக எடுத்துச் சொன்னார்கள். 1983-லேயே 'ஆஃப்ரிக்கா' என்ற பாட்டோடு டோட்டோ குழு அங்கே முதலிடத்தில் இருந்தது. அதை எழுதிய டேவிட் பெய்ச் அதுவரை அந்தக் கண்டத்தில் கால் வைத்ததில்லை. கிளிமஞ்சாரோவைக் கொண்டுபோய் செரங்கெட்டி சமவெளிக்கு மேலே நிறுத்தியிருக்கிறார். பாட்டு நல்ல பாட்டு. மலைதான் இடம் மாறிவிட்டது.

மலையையே நகர்த்தலாம், ஒலிவியா நியூட்டன்-ஜானை நகர்த்த முடியாது. 1981 நவம்பரில் முதலிடத்தில் ஏறி உட்கார்ந்த 'ஃபிசிகல்' பத்து வாரம் இறங்கவில்லை. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் வேறெந்தப் பாட்டும் அவ்வளவு நாள் நின்றதில்லை. ஃபாரினர் குழுவின் பாட்டு ஒன்று அதன் பின்னாலேயே காத்துக் கிடந்து, ஒலிவியா ஒரு வழியாக எழுந்ததும் ஹால் அண்ட் ஓட்ஸ் குறுக்கே புகுந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, கடைசிவரை இரண்டாம் இடத்தைத் தாண்டவே இல்லை. 'ஃபிசிகல்' பாட்டில் படுக்கையறைச் சங்கதியைப் பச்சையாகப் பாடிவிட்டு, அது உடற்பயிற்சியைப் பற்றியது என்று நம்ப வைக்க நெற்றிப் பட்டையும் குண்டு மனிதர்களுமாக ஒரு வீடியோ எடுத்தார்கள். ஊரும் நம்பி உடம்பைக் குறைக்கக் கிளம்பியது.

இந்த அம்மாவின் தாய்வழித் தாத்தா மாக்ஸ் போர்ன், 1954-ல் நோபல் பரிசு வாங்கிய குவாண்டம் இயற்பியல் மேதை. ஹிட்லர் விரட்டியபின் 1935-ல் சர் சி.வி. ராமன் அழைத்து பெங்களூருக்கு வந்து ஆறு மாதம் போல இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார். அவரை அங்கேயே பேராசிரியராக வைத்துக்கொள்ள ராமன் முயன்றும் கைகூடவில்லை. கைகூடியிருந்தால் பேத்தி மல்லேஸ்வரத்தில் வர்ணம் பாடிக்கொண்டிருந்திருப்பாள். ஃபாரினர் குழுவும் பிழைத்திருக்கும்.

1983-ல் அமெரிக்காவில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரத் யூ டேக்' காதல் பாட்டில்லை. பிரிந்துபோன பெண்ணை மூச்சு விடாமல் கண்காணிக்கும் ஓர் ஆளின் வாக்குமூலம். எழுதிய ஸ்டிங்கே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஜனங்கள் அதைக் கல்யாண வரவேற்பில் போட்டு ஆடுகிறார்கள். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நாம் அவர்களைக் குறை சொல்ல யோக்கியதை இல்லாதவர்கள். அடுத்த வருஷத்து 'ஹலோ' வீடியோ இன்னும் மோசம். லயனல் ரிச்சி வாத்தியாராக வந்து, கண் தெரியாத மாணவியை வராந்தா வராந்தாவாகத் தொடர்கிறார், ராத்திரியில் போன் போடுகிறார். அவளோ போலீசுக்குப் போகாமல் களிமண்ணில் அவர் தலையைச் செய்து வைக்கிறாள். அந்தத் தலைக்கும் ரிச்சிக்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது. அடையாள அணிவகுப்பில் தப்பித்துவிடுவார்.

மில்லி வனில்லி விவகாரத்தில் மட்டும் நான் எதிர்க்கட்சி. ராப் பிலாட்டஸ், ஃபாப் மோர்வன் என்ற இரண்டு அழகான பையன்கள் 1989-ல் மட்டும் மூன்று பாட்டுகளை அமெரிக்க முதலிடத்தில் ஏற்றினார்கள். மறு வருஷம் கிராமி விருதும் வந்தது. ஒன்றைக்கூட அவர்கள் பாடவில்லை என்று 1990 நவம்பரில் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் வாய் திறந்ததும் விருதைப் பிடுங்கிக்கொண்டார்கள். டி.எம். சௌந்தரராஜன் குரலுக்கு எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வாயசைக்கப் பார்த்தவனுக்கு இதில் குற்றம் என்னவென்றே புரியாது. நம்மூர் இசைத்தட்டில் டி.எம்.எஸ். பேர் இருந்தது, அங்கே ஆல்பத்தில் அசல் குரல்காரர்கள் பேருக்குப் பதில் இந்தப் பையன்கள் பேர் இருந்தது. தப்பு அது ஒன்றுதான். அட்டையில் பேர் போடுவது தயாரிப்பாளர் வேலை. அவர் ஏற்கெனவே போனி எம் குழுவில் தானே பாடி, பாபி ஃபாரெலை முன்னால் ஆடவிட்டுப் பழகியவர். அவமானமெல்லாம் பையன்கள் தலையில் விடிந்தது.

இந்தப் பட்டியல்களை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1991-ல் கணினிக் கணக்கு வரும்வரை, எது எவ்வளவு விற்றது என்பதற்குக் கடைக்காரர் சொன்னதுதான் ஆதாரம். அவரும் மனிதர்தானே.

அப்படியிருந்தும் ஒரு தடவை பட்டியல் நியாயமாக நடந்தது. 1984 கோடையில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'டான்சிங் இன் த டார்க்' இரண்டாம் இடத்தில் நின்றுபோனது. ஸ்பிரிங்ஸ்டீன் தன் பேரில் வந்த பாட்டோடு அதற்கு மேல் ஏறியதே இல்லை. பெரும்பாலான வாரம் தடுத்து நின்றது பிரின்ஸின் 'வென் டவ்ஸ் க்ரை'. ஆட்டம் போட வைக்கும் பாட்டு. அதில் பாஸ் கிட்டாரே கிடையாது. பதிவு செய்துவிட்டுப் பிறகு தானே எடுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பத்தாண்டில் முதலிடத்துக்கு முழுத் தகுதியோடு வந்த பாட்டு அதுதான். மறுப்பவர்கள் ஒரு முறை நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள்.