ஹம் ஒழித்த அண்ணன்

வீட்டில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களை, மூடி போட்டு வைத்திருப்பவர்கள், மூடியைக் கழற்றியே வைத்திருப்பவர்கள் என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். நம்மவர் இரண்டாம் வகை. மூடியின் திருகுகள் எங்கே என்று கேட்டால், "காத்தோட்டம் வேணும் சார், அதான் மூடல" என்பார். கேட்டது திருகைப் பற்றி. விருந்தாளி வந்தால் சோபாவில் உட்காரவைத்து, காபி வருவதற்குள் ஒரு பாட்டைப் போடுவார். பெரும்பாலும் அது இளையராஜா பாட்டாக இருக்கும், ஏனென்றால் அதில்தான் பேஸ் கிடார் தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டு நடக்கும். முன்னிசை ஓடும், கிடார் இறங்கும், பாடகர் வாயைத் திறக்கப்போகும் சமயம் பார்த்து நிறுத்திவிடுவார். "பேஸ் இறுகியிருக்கு பாத்தீங்களா? பவர் சப்ளைல ஃபில்டர் கெப்பாசிட்டர மாத்திட்டேன்." விருந்தாளி ஆமாம் என்பார். காபி இன்னும் வரவில்லையே, வேறென்ன சொல்வார்? அந்த வீட்டில் பல்லவிவரை போன பாட்டுகள் குறைவு.

இவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் தொடங்கிய இடத்தில் இவர் சொன்னது முழுக்கச் சரி என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று அலையும் மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைக்கிறது, டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்புகின்றன. திருப்பிய பிறகும் அது நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அந்தப் பள்ளங்களை நிரப்புவதற்குத்தான் ஃபில்டர் கெப்பாசிட்டர். தமிழ்நாட்டில் சால்டரிங் அயர்ன் பிடித்த பல கைகள் பழகிய 4440 போர்டையே எடுத்துக்கொள்ளலாம். சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த ஐ.சி. அது. சப்ளையின் ஆட்டத்தை ஏறத்தாழ 46 டெசிபெல், அதாவது 200 மடங்கு, அடக்கிவிட்டு மீதியை ஸ்பீக்கருக்கு அனுப்பும். பாட்டு ஓடாதபோதும் 0.1 ஆம்பியர் போல இழுத்துக்கொண்டிருக்கும். வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்த 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் உள்ளுக்குள் காய்ந்து 200 ஆகிவிட்டது என்று வையுங்கள். ஆம்பியரை ஃபாரடாலும் நூறாலும் வகுத்தால் 5 வோல்ட் ஆட்டம். அதில் இருநூறில் ஒரு பங்கு 25 மில்லிவோல்ட். ஊர் அடங்கிய பிறகு ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று கேட்கிற ஹம் அதுதான். புதிதாக 4700 மைக்ரோஃபாரட் போட்டால் ஆட்டம் 0.2 வோல்ட்டுக்கு வந்துவிடும், ஸ்பீக்கருக்குப் போவது 1 மில்லிவோல்ட். ஹம் போய்விட்டது. மனைவிக்கும் கேட்டது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்டது. பவர் சப்ளையைத் தொட்டால் ஒலி மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வினை அங்கிருந்துதான் ஆரம்பம். ஹம் முழுவதும் போய்விட்டதால் அடுத்த தடவை ஒழிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. 4700ஐ எடுத்துவிட்டு 10,000 போடுகிறார். ஸ்பீக்கருக்குப் போகிற 1 மில்லிவோல்ட் அரையாகிறது. கேட்காத ஒன்றைப் பாதியாக்கினால் என்ன கேட்கும்? அவருக்குக் கேட்கிறது. "மேடை அகலமாயிடுச்சு" என்கிறார். ஹம் இருந்த காலத்தில் 'ஹம்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அது போன பிறகுதான் இறுக்கம், அகலம், ஆழம், காற்று என்று சொல்வளம் பெருகியிருக்கிறது. சும்மா இருக்கும்போது சரி, உரக்கப் பாடும்போது சப்ளை தொய்யுமே என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் 4700இல் 2 வோல்ட் ஆடும், 10,000இல் 1 வோல்ட். 16 வோல்ட் சப்ளையில் இதனால் கிடைக்கும் கூடுதல் சத்தம் ஒரு டெசிபெல்லைக்கூடத் தொடாது. டிரான்ஸ்ஃபார்மரே சிறியதாக இருந்தால் எத்தனை கெப்பாசிட்டர் அடுக்கினாலும் தொய்யத்தான் செய்யும். போதாக்குறைக்கு, கெப்பாசிட்டர் பெருக்கப் பெருக்க அது நிரம்புகிற நேரம் குறுகி, அந்தச் சின்ன இடைவெளியில் பாயும் மின்னோட்டத்தின் உச்சம் எகிறும். டையோடு சுடும், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஒயர்களை எக்குத்தப்பாக வளைத்திருந்தால் துரத்திவிட்ட ஹம் 'ஸ்ர்ர்' என்று வேறு குரலில் திரும்பும். அவர் அதைக் கேட்டதும் இன்னும் இரண்டு கெப்பாசிட்டர் வாங்கக் கிளம்புகிறார்.

"கணக்கு கிடக்கட்டும் சார், என் காதுக்குக் கேக்குதே!" இதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம். அவர் பொய் சொல்லவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் காதுக்கு ஒரு ஒலியின் நுட்பம் அப்படியே நிற்பது சில நொடிகள்தான். கெப்பாசிட்டரை மாற்றுவதற்கு பிளக்கைப் பிடுங்க வேண்டும், மிச்ச மின்சாரம் வடியக் காத்திருக்க வேண்டும், பழைய ஈயத்தை உறிஞ்ச வேண்டும், புதியதைப் பற்றவைக்க வேண்டும், பிளஸ் மைனஸ் சரியா என்று மூன்று தடவை பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிய முக்கால் மணி நேரமாவது ஆகும். பழைய ஒலி அதற்குள் நினைவிலிருந்து கரைந்து, அதைப் பற்றி அவர் கொண்டிருந்த அபிப்பிராயம் மட்டும் பாக்கி இருக்கும். வால்யூம் குமிழ் வேறு அதே இடத்தில் நின்றிருக்காது. ஒரு நூல் கூடினாலும் கூடிய சத்தமே நல்ல சத்தமாகத் தோன்றும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் அறிந்தது. அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை 1987இல் ஒரு சோதனையை வெளியிட்டது. சுமார் 220 டாலர் முதல் 12,000 டாலர் வரை விலையுள்ள ஆம்ப்ளிஃபயர்களின் சத்தத்தைச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று சொல்லாமல், நம்புகிறவர்களையும் நம்பாதவர்களையும் கேட்கவைத்தார்கள். நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பதில் சொல்லியிருந்தாலும் மதிப்பெண் ஏறத்தாழ அவ்வளவுதான் வந்திருக்கும். ஆம்ப்ளிஃபயர் முழுவதையும் மாற்றியே பிடிபடாத வித்தியாசம், அதிலுள்ள ஒரு டப்பாவை மாற்றியதும் பிடிபடுகிறது என்றால் காதைப் பாராட்டத்தான் வேண்டும். இதை நம்மவரிடம் சொன்னால், சோதனைக்கு வைத்த ஸ்விட்ச் பெட்டிதான் ஒலியைக் கெடுத்தது என்பார். அந்தப் பெட்டிக்கும் ஒரு நல்ல பவர் சப்ளை போடலாம் என்பது அவர் யோசனை.

சீமையிலேயே செய்கிறார்களே என்பது அடுத்த வாதம். உண்மைதான். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1973இல் தொடங்கிய நெய்ம் கம்பெனி, பிரிஆம்ப்புக்குத் தனிப் பெட்டியில் பவர் சப்ளை செய்து விற்றே பேர் வாங்கியது. இசைத்தட்டு முள்ளில் ஒரு வகை தருகிற சிக்னல் அரை மில்லிவோல்ட்கூட இருக்காது. அதைப் பல நூறு மடங்கு பெருக்கும் இடத்தில் சப்ளை சுத்தமாக இருக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் தள்ளி இருக்க வேண்டும். அங்கே அந்தக் காசுக்குப் பொருள் உண்டு. நம்மவர் கேட்பது செல்போனிலிருந்து புளூடூத்தில் வரும் பாட்டு. இந்த நியாயத்தை நீட்டினால் அது எங்கே போய் நிற்கும் என்பதை ஜப்பானியர் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள். அங்கே சில ரசிகர்கள் ஒலிக்காகவே வீட்டு வாசலில் சொந்த மின்கம்பம் நட்டு, அதில் தனி டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர் வாசல் அவ்வளவு பெரிதில்லை, மின்வாரியமும் இடம் கொடுக்காது. ஆகவே தடித்த பவர் கார்டோடு நிறுத்திக்கொள்கிறார். நெய்வேலியிலோ மேட்டூரிலோ பிறந்து, காக்கை உட்காரும் அலுமினியக் கம்பி வழியாகவே ஊரெல்லாம் சுற்றி வந்த மின்சாரம், கடைசி ஒன்றரை மீட்டரில் தங்க முலாம் பூசிய முனையைக் கண்டு குணம் திருந்தும் என்பது அவர் நம்பிக்கை.

அவர் காசு, அவர் ஆம்ப், உமக்கு என்ன என்று யாராவது கேட்கலாம். பெரும்பாலும் ஒன்றுமில்லைதான். ஓர் இடத்தில் மட்டும் உண்டு. டி.வி., கம்ப்யூட்டர், ஆம்ப் மூன்றையும் ஒயரால் கோத்து, மூன்றுக்கும் எர்த் இருந்தால், எர்த்துக்குள்ளேயே ஒரு வளையம் உண்டாகி அதன் வழியாகவும் ஹம் வரும். அதற்கு எந்தக் கெப்பாசிட்டரும் மருந்தில்லை. பத்து தடவை மாற்றிப் பார்த்துச் சலித்த பிறகு இவர் வகையறாவில் சிலர் பிளக்கின் மூன்றாவது காலை வெட்டிவிடுகிறார்கள். ஹம் நின்றுவிடும். உள்ளே ஒரு ஒயர் அறுந்து இரும்புப் பெட்டியைத் தொட்டால், பெட்டியைத் தொடுகிறவர் மூச்சும் நின்றுவிடலாம். இந்த ஒன்றைச் செய்யாதவரை அவர் மீது எனக்குப் புகார் கிடையாது, மரியாதைகூட உண்டு. தெருவில் யார் வீட்டு எமர்ஜென்சி லைட் எரியாவிட்டாலும், எந்தப் பையனின் கீபோர்டு அடாப்டர் செத்தாலும், கடைக்காரர் "புதுசு வாங்கிடுங்க" என்று கைவிரித்த பிறகு பொருள் வந்து சேர்வது அந்தத் திறந்த ஆம்ப்ளிஃபயரின் பக்கத்தில்தான். அவரும் பார்த்த உடனே உப்பிய கெப்பாசிட்டரைக் காட்டி, "இவன்தான் வில்லன்" என்பார். அங்கே அவர் சொல்வது அநேகமாகத் தப்பாது.

ஆட்டமே இல்லாத மின்சாரம்தான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. 4440ஐச் செய்தவர்கள் மனத்தில் வைத்திருந்தது கார் பேட்டரியை. அதை நேராகக் கொடுத்துவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம், டையோடும் வேண்டாம், நொடிக்கு 100 முறை ஏறி இறங்குவதும் இல்லை. இத்தனை வருடப் போர் ஒரே பேட்டரியில் முடிந்துவிடும். இந்த யோசனை என்றாவது ஒருநாள் நம்மவருக்கும் வரும். பேட்டரி வாங்கி, சோபாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, இரண்டு நாள் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நின்று, பேட்டரி சார்ஜருக்கு எத்தனை மைக்ரோஃபாரட் போட்டால் நன்றாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.